அரை மீசைச் சாமியின் உத்தரவு

போன வாரம் மேடையில் என் வேட்டி அவிழ்ந்த கதையை எழுதியதற்கு வீட்டில் சரியான மண்டகப்படி. "பேரன் பேத்தி எடுத்த வயசுல எழுதுற எழுத்தா இது?" என்று கேட்டுவிட்டு, அன்றைக்கு வெஞ்சனம் இல்லாமல் வெறும் சோற்றைத் தட்டில் போட்டார் என் மனைவி. ஆகவே இந்த வாரம் வேட்டி பத்திரமாக இருக்கும். கழன்று விழப்போவது மீசை. அதுவும் பாதி மீசை.

அறுபதுகளின் தொடக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். திண்டுக்கல்லில் ஒரு பூட்டுப் பட்டறையில் ஆயுத பூசை. அரம், சுத்தியல், பட்டறைக்கல் எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு வைத்து அடுக்கியிருந்தார்கள். பொரியும் வெல்லமும் உள்ளே போனால்தான் ஜனங்களுக்குச் சிரிக்கத் தெம்பு வரும் என்று என் நாடகத்தைக் கடைசியில் வைத்திருந்தார்கள்.

நாடகம் என்றால் நான் ஒருத்தன்தான். ராஜாவும் நானே, சேவகனும் நானே, குதிரையும் நானே. வயிற்றில் ஒரு தலையணை, தலையில் சரிந்த முண்டாசு, உதட்டுக்கு மேலே ஒரு பக்கத்துக்கு மட்டும் மீசை. 'எகத்தாள முத்து' என்று நோட்டீஸில் போட்டிருக்கும். அதற்குக் கீழே 'ஓராள் நாடகம்' என்று பெரிய எழுத்தில்.

கோட்டைக் கட்டம் வந்தது. பாளையக்காரர் மலைமேல் நின்று மார் தட்டுகிறார். "ஏலே முத்து! இந்தக் கோட்டைக்குள்ள எந்தப் பகையாளியாவது நுழைய முடியுமாலே?"

இந்தப் பக்கம் தாவி, முத்துவாகக் கூனிக் குறுகி நின்று பதில் சொன்னேன். "எப்படி மகராசா நுழைவான்? உள்ள போனா குடிக்கத் தண்ணி கெடைக்காதுன்னு அவனுக்குத் தெரியாதா?"

குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக அலைகிற ஊர். பட்டறையே அதிர்ந்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் முன் வரிசையில் இருந்து ஒருவர் எழுந்தார். தும்பைப் பூ போல வேட்டி, தோளில் துண்டு, நெற்றி நிறையத் திருநீறு. நிதானமாக மேடை ஏறினார். என் எதிரே வந்து நின்று கும்பிட்டார். கும்பிட்ட கையாலேயே என் மீசையைப் பிடித்து வெடுக்கென்று பிடுங்கினார்.

கண்ணில் நீர் வந்துவிட்டது எனக்கு. பசை அப்படிப்பட்ட பசை.

"ஏனுங்க, எங்க சாமி மீசையைப் பக்கம் மாத்தி ஒட்டியிருக்கீங்களே, இது உங்களுக்கே நல்லா இருக்குதுங்களா?" என்றார். ஒட்டன்சத்திரம் பக்கத்து மரியாதை. பிடுங்கும்போதுகூட 'ங்க' போட்டுத்தான் பிடுங்குவார்கள்.

கூட்டம் விசிலடித்தது. அவர்களுக்கு அதுவும் நாடகம். "யோவ், ஓராள் நாடகம்னு நோட்டீஸ் போட்டுட்டு ரெண்டாளா வந்து நிக்கிறீங்களேய்யா!" என்று ஒருவன் பின்னால் இருந்து கத்தினான். அன்றைக்கு வாங்கிய கைதட்டலை அதற்குப் பிறகு நான் தனியாக ஒருநாளும் வாங்கவில்லை.

பாதிக்குப் பாதி

முத்துவைத் தெரியாதவர்களுக்காகச் செத்த நேரம் அவரைப் பற்றி.

பாளையக்காரர் காலத்து ஆள். அரண்மனையில் என்ன வேலை என்று யாருக்கும் தெரியாது, வாய்தான் வேலை. ஒருநாள் வாய் முற்றிப்போய்ப் பாளையக்காரர் கோபத்தில் முத்துவின் ஒரு பக்க மீசையைச் சிரைத்துவிட உத்தரவிட்டார். சிரைத்தார்கள். மறுநாள் முத்து மிச்ச மீசையையும் எடுக்கவில்லை, சிரைத்த பக்கத்தை வளர்க்கவும் இல்லை. அப்படியே சந்தை முழுக்கச் சுற்றினார். கேட்டவர்களிடம், "வெள்ளாமையில பாதி அரமணைக்கு, பாதி நமக்கு. மீசையிலயும் மகராசா அவரு பங்கை எடுத்துக்கிட்டாரு. இது எம் பங்கு" என்றார். சாகும்வரை அவருக்கு அரை மீசைதான்.

இன்னொரு விஷயம். முத்து எதையும் நேராகச் சொன்னதே கிடையாது. போ என்றால் வா. வேண்டாம் என்றால் வேண்டும். பெண்டாட்டி, பிள்ளைகள் எல்லோருக்கும் இந்தக் கணக்கு அத்துப்படி. கடைசியில் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது பிள்ளைகளைக் கூப்பிட்டு, "நான் செத்த பிறகு என்னைச் சாமி கீமின்னு கும்பிட்டுத் தொலைச்சிராதீங்கப்பா" என்று சொல்லிக் கண்ணை மூடினார்.

பிள்ளைகள் அழுது முடித்ததும் முதல் வேலையாகக் கோயில் கட்டினார்கள். அப்பன் வேண்டாம் என்று சொல்லிவிட்டானே!

ஒட்டன்சத்திரத்துக்குத் தெற்கே ஒரு காட்டுக்குள் அந்தக் கோயில் இருக்கிறது. அங்கே எல்லாமே தலைகீழ். செருப்பைப் போட்டுக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். இடப்பக்கமாகச் சுற்ற வேண்டும். பொங்கல் வைத்தால் முதலில் நாம் வயிறாரத் தின்றுவிட்டு மிச்சத்தைத்தான் சாமிக்குப் படைக்க வேண்டும். உலகத்திலேயே எனக்குப் பிடித்த கோயில் அதுதான். நான் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரன் என்பதைப் பங்குச் சாமியாரிடம் யாரும் நினைவுபடுத்த வேண்டாம்.

நாடகம் போடுகிற ஆசை வந்த புதிதில் சாமியைப் பார்க்க ஒரு தடவை போயிருந்தேன். கல் சிலை. எண்ணெய் ஏறிக் கறுத்த முகம். எதிரே நின்று உற்றுப் பார்த்து, மீசை எந்தப் பக்கம் என்று மனசில் வாங்கிக்கொண்டு வந்தேன். எதிரே நிற்கிறவருக்கு வலப்பக்கம் என்றால் எனக்கு இடப்பக்கம் என்பது என் மரமண்டையில் ஏறவில்லை. இடது பக்கத்தில் பார்த்ததை என் இடது பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு ஊர் ஊராக ஆடியிருக்கிறேன்.

சேலை விரிக்கிறவன்

மேடைக்கு வெளியே எனக்குத் திண்டுக்கல்லில் ஒரு துணிக்கடையில் வேலை. சேலை விரித்துக் காட்டுகிற வேலை.

இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். சின்னாளப்பட்டிப் பட்டை ஒரு உதறில் விரித்தால் அது பெண்களின் மடிவரைக்கும் போய் விழ வேண்டும். விழுகிற நேரத்தில் வாயும் ஓட வேண்டும். "இந்தக் கலருக்கு உங்க நாத்தனா பொறாமையில காய்ச்சல்ல படுத்துருமக்கா." நான் நடிக்கக் கற்றுக்கொண்டது எந்த வாத்தியாரிடமும் இல்லை. பத்துப் பெண்கள் உட்கார்ந்த ஜமுக்காளத்தின் முன்னால்தான்.

அங்கே ஒரு அக்கா வருவார். சந்தைக்குத் தக்காளிக் கூடை கொண்டுவந்து இறக்கிவிட்டு நேரே கடைக்கு வருவார். கையில் தக்காளிக் காம்பின் பச்சை வாசனை அடிக்கும். ஒவ்வொரு தடவையும் ஒரே சேலையைத்தான் கேட்பார். அரக்கு நிறத்தில் ஜரிகைக் கரை போட்ட முகூர்த்தச் சேலை. விரிப்பேன். முந்தானையைத் தடவிப் பார்ப்பார். கொஞ்ச நேரம் மடியிலேயே வைத்திருப்பார். அப்புறம், "மடிச்சு வச்சிருங்க தம்பி" என்று எழுந்து போய்விடுவார்.

எனக்குக் கடுப்பாக இருக்கும். விரிப்பது சுலபம், மடிப்பதுதான் தலைவலி. ஒருநாள் கேட்டே விட்டேன். "ஏக்கா, இந்தச் சேலைக்கும் உங்களுக்கும் என்னக்கா கணக்கு?"

"எம் புள்ளைக்கு எடுக்கோணும்னு நெனச்சதுங்க தம்பி. எங்க அண்ணன் மவன் கொடைரோடு ரயில்ல வேலையா இருக்கறான். புள்ளைக்கும் அவன் மேலதான் நெனப்பு. சாமிகிட்டப் பூப் போட்டுக் கேட்டோம், வேண்டாம்னு வந்துருச்சு. அவங்கப்பனுக்கு எங்கண்ணனைக் கண்டாலே ஆகாது. சாமியே சொல்லிருச்சுன்னு முடிச்சுட்டாருங்க" என்றார்.

"புள்ளை என்ன சொல்லுது?"

"ஒன்னுமே சொல்லறதில்லீங்க. அதுதானுங்க கஷ்டமா இருக்குது."

அதற்குப் பிறகு அவர் வந்தால் நானே அந்தச் சேலையை எடுத்து விரித்துவிடுவேன். முதலாளி முறைப்பார். முறைத்துக்கொள்ளட்டும் என்று இருந்துவிடுவேன்.

சாமி குத்தம்

மீசையைப் பிடுங்கியவர் அந்தக் காட்டுக் கோயில் பூசாரி, முத்துவின் வம்சம். பெயர் செல்லண்ணன். பட்டறையில் பிடுங்கியதோடு விடவில்லை, மறுநாள் கடைக்கே வந்துவிட்டார். "ரெண்டு வருசமா எங்கூர்ல மழை இல்லீங்க. இப்பத்தான் காரணம் தெரியுது" என்று என்னைக் காட்டினார். வருகிற வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வந்து, இனி இந்த வேசம் போட மாட்டேன் என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்ய வேண்டும். இல்லையென்றால் அந்தப் பக்கத்து ஜனம் ஒருத்தர்கூட இந்தக் கடைப் படி ஏறாதாம்.

முதலாளிக்கு வியர்த்துவிட்டது. "அப்பு அருளப்பா, அந்தப் பக்கத்து ஏவாரம் அம்புட்டும் போயிரும்டா. ஒரு கற்பூரம்தான, அடிச்சுட்டு வந்துரு" என்றார்.

ஒரு கற்பூரம்தான். அவருக்கென்ன! அந்த வேசத்தைக் கழற்றிவிட்டால் நான் யார்? நாள் பூராவும் அடுத்தவர்கள் கலைத்துப் போட்ட சேலையை மடிக்கிறவன். வாரத்தில் ஒருநாள் அந்த அரை மீசையை ஒட்டிக்கொண்டு நிற்கும்போதுதான் ஊரில் பெரிய மனிதர்கள் எல்லோரும் கீழே உட்கார்ந்திருப்பார்கள், நான் மேலே நிற்பேன். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசே இல்லை.

பூசாரியிடம் ஒன்று மட்டும் கேட்டேன். "அண்ணே, சத்தியம் பண்ணுறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை சாமி முன்னாடியே ஆடிர்றேன். சாமி பாக்கட்டும். பாத்துட்டு அதுவே சொல்லட்டும், ஆடலாமா கூடாதான்னு."

பூசாரி யோசித்தார். சாமியிடம் கேட்கிறேன் என்பவனை எந்தப் பூசாரியும் தடுக்க முடியாது. "சரிங்க. பூப் போட்டுக் கேட்டுருவோம். வேண்டாம்னு வந்துச்சுன்னா சத்தியம். நீங்க வேதக்காரராமே? அப்ப உங்க சாமி மேலயும் ஒன்னு சேத்துப் பண்ணிருங்க" என்றார்.

கையெடுத்துக் கும்பிட்ட கூட்டம்

வெள்ளிக்கிழமை வெயில் தாழ்ந்த நேரம். வேப்பமரத்தடியில் ஊரே செருப்போடு உட்கார்ந்திருந்தது. பூசாரி சிலையை ஒரு தடவை, என் முகத்தை ஒரு தடவை பார்த்து, சரியான பக்கத்தில் மீசையை அவரே ஒட்டிவிட்டார். கட்டைவிரலால் அழுத்திவிட்டு அந்த விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பயபக்தியாம்! நான் துணிக்கடைக்காரன் ஐயா என்று சொல்ல வாய் வந்தது.

அப்போதுதான் பெண்கள் பக்கம் கவனித்தேன். அரக்குச் சேலை அக்கா! பக்கத்தில் மெலிந்த ஒரு பெண் தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. "அது யாருண்ணே?" என்று பூசாரியைக் கேட்டேன். "என்ற ஊட்டுக்காரிங்க, வள்ளியாத்தா. பக்கத்துல எம் புள்ள பாவாயி" என்றார்.

ஆடத் தொடங்கினேன். ஐயோ, அந்தக் கொடுமையை என்னவென்று சொல்ல! தண்ணீர் இல்லாத கோட்டை என்றேன். ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. "ஆமாஞ்சாமி" என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். குதிரை மாதிரிக் கனைத்தேன். ஒரு அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டது. பாதி மீசை என் பங்கு என்றபோது இரண்டு பேருக்குக் கண் கலங்கிவிட்டது. சிரிக்காத கூட்டத்தைப் பார்த்திருக்கிறேன், கல்லெறிந்த கூட்டத்தைக்கூடப் பார்த்திருக்கிறேன். நகைச்சுவைக்குத் திருநீறு கேட்ட கூட்டத்தை அன்றுதான் பார்த்தேன்.

ஆடி முடித்து வியர்வையோடு நின்றேன். பூசாரி இலையில் கட்டிய இரண்டு பொட்டலங்களைச் சாமி காலடியில் வைத்தார். ஒன்றில் வெள்ளை நந்தியாவட்டை, ஒன்றில் சிவப்பு அரளி. வெள்ளை வந்தால் சாமிக்குச் சம்மதம். சிவப்பு வந்தால் வேண்டாம். அப்போதுதான் நடக்கப் பழகிய ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொன்னார்கள்.

குழந்தை எடுத்தது. பூசாரி பிரித்தார்.

சிவப்பு.

ஊட்டுக்காரி கேட்ட கேள்வி

தட்டில் கற்பூரத்தை ஏற்றினார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதுவிட்டேன். தலையணை வயிறும் அரை மீசையுமாக ஒருத்தன் அழுதால் எப்படி இருக்கும்? அப்போதும் அவர்கள் சிரிக்கவில்லை. "சாமியே அழுவுது" என்று ஒரு கிழவர் சொன்னது காதில் விழுந்தது.

கையை ஓங்கினேன்.

"ஏனுங்க, செத்த நில்லுங்க" என்றது ஒரு குரல். வள்ளியாத்தா எழுந்து நின்றிருந்தார். என்னை அல்ல, புருசனைப் பார்த்துக் கேட்டார். "சாமி வேண்டாம்னுதானுங்களே சொல்லியிருக்குது?"

"ஆமா, சிவப்புத்தான் வந்திருக்குது. கண்ணு தெரியலையா?"

"என்னைக் கும்பிட வேண்டாம்னும் இதே சாமிதானுங்களே சொல்லுச்சு? அதை வேணும்னு எடுத்துக்கிட்டுத்தானே உங்க முப்பாட்டன் கோயிலே கட்டினாரு?"

பூசாரி கற்பூரத் தட்டைக் கீழே வைத்தார்.

"செருப்பு தலைகீழு. சுத்தறது தலைகீழு. படையல் தலைகீழு. எங்க சாமி ஒரு நாளும் நேராப் பேசாதுன்னு ஊருக்கெல்லாம் நீங்கதான் கதை சொல்லறீங்க. பூ வாக்கு மட்டும் எப்படீங்க நேரா வரும்?"

கூட்டத்தில் ஒருவர் மெதுவாக எழுந்தார். "ஏனுங்க பூசாரி, அப்ப எனக்குக் கெணறு வெட்ட வேண்டாம்னு வந்துச்சே, அது வெட்டச் சொன்னதுங்களா?" இன்னொருவர், "எருமையை விக்கச் சொல்லி வந்துச்சுங்களே! வித்துத் தொலைச்சுட்டனே!" என்று தலையில் அடித்துக்கொண்டார். மூன்றாவதாக ஒருவர் எழுந்து, "எனக்கு இவளைக் கட்டிக்கச் சொல்லி வெள்ளைப் பூ வந்துச்சுங்க" என்று பக்கத்தைத் திரும்பிப் பார்த்தார். பக்கத்தில் இருந்த அம்மாள் பார்த்த பார்வையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

முதலில் ஒரு பெண் களுக்கென்று சிரித்தது. அப்புறம் கட்டுப்படுத்த முடியவில்லை. அத்தனை நேரம் எனக்காக அடக்கி வைத்திருந்த சிரிப்பு எல்லாம் சேர்ந்து வந்தது போல ஊரே சிரித்தது.

வள்ளியாத்தா சிரிக்கவில்லை. "அப்ப எம் புள்ளைக்கும் எங்கண்ணன் மவனுக்கும் கேட்டப்ப சிவப்பு வந்துச்சே. அதுக்கு என்னங்க அர்த்தம்?" என்றார். அந்த மெலிந்த பெண் தலையைத் தூக்கியது.

சிரிப்பு நின்றுவிட்டது. பூசாரி கெட்டவர் இல்லை. மச்சானைப் பிடிக்காதவர், அவ்வளவுதான். ஆனால் ஊர் பார்த்துக்கொண்டிருக்கிறது, மகள் பார்த்துக்கொண்டிருக்கிறது. சிலையைப் பார்த்தார். பிறகு, தன் கையாலேயே மீசை ஒட்டிவிட்ட என்னைப் பார்த்தார். துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார்.

"நீயே சொல்லு சாமி" என்றார். "எம் புள்ளையை அவனுக்குக் குடுக்கட்டுமா?"

இதற்கு நான் ஒத்திகை பார்த்திருக்கவில்லை. 'குடு' என்று சொல்லத்தான் நாக்கு துடித்தது. நல்லவேளை, நான் சொல்லவில்லை, முத்து முந்திக்கொண்டார். தலையணை வயிற்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அரை மீசையை முறுக்கி, தொண்டை கிழியக் கத்தினேன்.

"குடுக்காத! வேண்டாம்! வேண்டவே வேண்டாம்!"

ஊர் குலவையிட்டது. பாவாயி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாளா சிரித்தாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பூசாரி தட்டைப் பார்த்தார். கற்பூரம் தானாக எரிந்து முடிந்திருந்தது. ஒருத்தரும் அதில் அடிக்கவில்லை.

திண்டுக்கல் போகிற கடைசி பஸ்ஸில் ஏற்றிவிடும்போது பூசாரி, "மீசையை மட்டும் பக்கம் பாத்து ஒட்டுங்க" என்றார். அதற்குப் பிறகு பல வருசம் ஆடினேன். ஒருநாளும் பக்கம் மாறவில்லை.

தை மாசம் அவர்கள் கடைக்கு வந்தார்கள். வள்ளியாத்தாவும் பாவாயியும். தக்காளி வாசனை இல்லை. அன்றைக்கு மல்லிகைப் பூ வாசனை. முதலாளி எழுந்து நின்று கும்பிட்டார். நான் அலமாரியில் இருந்து அந்த அரக்குச் சேலையை எடுத்து ஜமுக்காளத்தில் வைத்தேன்.

"விரிக்கட்டுமாக்கா?" என்று கேட்டேன்.

வள்ளியாத்தா மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வேண்டாமுங்க தம்பி" என்றார்.

நான் விரித்தேன்.